லிடியா வீட்டு ஞாயிறு

பிரேசர் டவுன், பெங்களூர்
6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மரியா அக்காவுக்கு,

அம்மாவுக்குச் சளி, மற்றபடி எல்லோரும் நலம். ஃபோனில் பேசினால் உன் வீட்டுக்காரர், க்ளென் மாமா, பக்கத்திலேயே இருக்கிறார். அதனால்தான் கடிதம்.

தவறு என்னுடையது. மாமாவின் வேனில் சுற்றுலா வருபவர்கள் லிடியா வீட்டில் சாப்பிடுவதற்கான முன்பதிவுப் பக்கத்தில் ஞாயிறையும் திறந்து வைத்தது நான்தான். காரும் மின்சாரமும் வேண்டாமென்று குதிரை வண்டியில் போகும் லிடியா போன்ற ஆமிஷ் கிறிஸ்தவர்கள் அன்றைக்கு எதையும் விற்க மாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நம் தெருவில் ஆராதனை முடிந்த கையோடுதானே கறிக்கடையில் வரிசை நிற்கிறது! இருபத்திரண்டு பேர் போய் இறங்கினார்களாமே. விரட்டிவிட்டார்களா? உன்னைத் திட்டினார்களா?

கூசிப்போயிருக்கும்
ஜூலியா

லேன்காஸ்டர், பென்சில்வேனியா
20 ஆகஸ்ட் 2024

என் ஜூலிக்கு,

யாரும் திட்டவில்லை. லிடியா வாசலுக்கு வந்து, "இன்று விற்பனை கிடையாது" என்றாள். வேனுக்குள் முணுமுணுப்பு. "சாப்பாடு இருக்கிறது, வாருங்கள்" என்றாள் அடுத்து. ரொட்டி, ஊறுகாய், முந்தின நாள் ஆப்பிளை உள்ளே வைத்துச் சுட்ட 'பை' பலகாரம். ஒருவர் நீட்டிய நோட்டை அவர் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகினாள். நான் பாத்திரம் கழுவினேன். அப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது க்ளென் சொன்னதைக் கேள்: "செம்ம ஐடியா மரியா! 'ஆமிஷ் வீட்ல ஞாயித்துக்கெழம ஃப்ரீ விருந்து'ன்னு போட்டுட்டு, வேன் டிக்கெட்ட டபுள் பண்ணிடலாம். அவங்கதான் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டாங்களே!"

முன்பதிவுப் பக்கத்தில் அப்படியே எழுதச் சொல்லி உன்னிடம் கேட்பார். நான் வாயைத் திறக்கவில்லை. என் மேல் கோபப்படாதே.

மரியா

பிரேசர் டவுன்
3 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

மாமா கேட்டார். "அவங்க விக்க மாட்டேன்னு சும்மா குடுத்தத நாம எப்படி மாமா விக்கிறது?" என்றேன். "பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு எனக்கே பிரசங்கமா? வேற ஆள் போட்டுக்கறேன், போ" என்றார். முன்பதிவுப் பக்கத்தின் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டேன். மாமா டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொன்ன டிசம்பர் பயணமும் இனி இல்லை. அதற்காக வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் லிடியாவுக்கு யாராவது சொல்ல வேண்டும். நான் எழுதலாம். அவளோடு நின்று பாத்திரம் கழுவிய நீ சொன்னால் இன்னும் நல்லது. பயமாக இருந்தால் சொல், நானே எழுதுகிறேன்.

உன் ஜூலி

லேன்காஸ்டர்
23 செப்டம்பர் 2024

ஜூலி,

சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லப் போவதாக முதலில் க்ளெனிடமே சொன்னேன். ஒரு வாரம் என் கையால் சாப்பிடவில்லை. லிடியா கேட்டுவிட்டு, "பசியோடு வருபவர்களுக்குப் போடுவோம். ஆனால் அந்த வேன் இனி எந்த நாளும் இங்கே வர வேண்டாம்" என்றாள். பிறகு, "நீ வா" என்றாள். வேனைப் பற்றி அவள் சொன்னதையும் க்ளெனிடம் சொன்னேன்.

நேற்று, ஞாயிறு, அவள் வீட்டுக்கு நடந்தே போனேன், ஐந்து மைல். சாப்பிட உட்காரும்போது வெளியே வேன் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்: காலி வேனைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, க்ளென் தனியாகக் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். லிடியாவின் கணவர் எழுந்து போய் என்னவோ பேசினார். இருவரும் உள்ளே வந்தார்கள். க்ளென் என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். லிடியா ரொட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

அக்கா