போறன் மாமி

என் அன்பானவளுக்கு,

குவைத்தில் வெயில் கூடுதல் என்றாய். இப்போது எப்படி? இதைப் போனில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கத்து வளவுச் செபஸ்தியம்மா மாமி கண்மூடி ஆண்டுப் பூசை கூட முடியவில்லை. அதற்குள் மகன் மேர்வின், அவர்கள் வளவுக்குள்ளால் நாம் வாவிக்குப் போகும் பாதையை மறித்து மதில் கட்டிவிட்டான். வலையைச் சுமந்துகொண்டு றோட்டால் சுற்றித்தான் தோணிக்குப் போகிறேன். தோளைப் பற்றிக் கேட்காதே. சமரசம் பேச இணக்கசபைக்குக் கூப்பிட்டும் அவன் வரவில்லை.

சட்டத்தரணியிடம் போனேன்.

"பத்து வருசத்துக்கு மேல நடந்திருக்கீங்க, வெல்லலாம். ஆனா ஆரிட்டயும் கேக்காம, எங்கட உரிமை எண்டுதான் நடந்தம் எண்டு சொல்லணும். அவங்க விட்டு நடந்தம் எண்டா வழக்கு நிக்காது" என்றார்.

உனக்குத் தெரியும், அந்த வேலியடியில் "போறன் மாமி" என்று குரல் கொடுக்காமல் நாம் ஒருநாளும் போனதில்லை. குசினிக்குள்ளிருந்து "ஓம் மனே, போயித்து வா" என்று மறுமொழி வரும். அது அனுமதி கேட்டு நடந்ததில்லாமல் வேறென்ன?

நேற்று மதிலோரம் போகையில், பழக்கத்தில் "போறன் மாமி" என்று வாய் சொல்லிவிட்டது. உள்ளேயிருந்து "ஓம்" என்றது ஒரு குரல். மேர்வின். அவனுக்கும் பழக்கம்தான் போல.

திங்கட்கிழமை, கேட்காமல் நடந்தோம் என்ற வழக்குத்தாளில் கையெழுத்து வைக்க வரச் சொல்லியிருக்கிறார் சட்டத்தரணி. மேர்வின் வீட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகவேண்டும். அந்த இடத்தில் நான் என்ன சொல்லிவிட்டுப் போவது?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்