டொறீன் வீட்டு வாசல் மணி

என் டொறீன் தங்கச்சிக்கு,

நீ போன பிறகு நம்முடைய கல்லடிக் கடற்கரை வீதி இன்னும் அழகாகிவிட்டது. மாடி வீடுகள், கண்ணாடி யன்னல்கள், ஆளுயரத்துக்கு மேலே மதில்கள். பாலம் தாண்டிப் பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் வாகனத்தை மெதுவாக்கிப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். பாதி வீடுகளில் ஆளில்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? சொந்தக்காரர்கள் கனடாவிலும் லண்டனிலும். என் மகன் கட்டித்தந்த வீட்டில் நான் மட்டும். மேல்மாடிக்கு ஏறுவதே இல்லை.

உன் வீட்டை உன் மகன் விற்றுவிட்டான். அவனிலும் பிழையில்லை. மெல்போர்னில் இருந்துகொண்டு இந்த ஓட்டு வீட்டை வைத்து என்ன செய்வான்? வாங்கியவர்கள் அதை இடித்து, ஈரப்பலா மரத்தையும் தறித்து, வெள்ளையாக ஒரு பெரிய வீடு கட்டினார்கள். "பரமக்கா, தேத்தண்ணி ஊத்துங்க, வாறன்" என்று கத்திக்கொண்டு நீ புகுந்து வரும் வேலி இருந்த இடத்தில் இப்போது மதில் நிற்கிறது. கட்டி முடிந்தும் ஒருவரும் குடிவரவில்லை.

போன கிழமை நடந்ததைக் கேள். குப்பை எடுக்கும் ட்ரக்டர் வந்த சத்தம் கேட்டுப் பையோடு வெளியே போனேன். கச்சான் காற்று படலையை அடித்துச் சாத்திவிட்டது. தானாகப் பூட்டிக்கொள்ளும் படலை அது. திறப்புக் கொத்து உள்ளே, போனும் உள்ளே. நான் வீட்டுச் சட்டையோடு, வெறுங்காலோடு, கொதிக்கிற தார் வீதியில்.

வீடு வீடாக மணியை அடித்தேன். நாய்கள் மட்டும் குரைத்தன. கடைசியில் உன் வாசல். உன்னை அடக்கிய நாளுக்குப் பிறகு அன்றுதான் அங்கே நின்றேன். மணியை அமத்தியதும் அதில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது.

"ஆரு? என்ன வேணும்?" ஒரு பெண் குரல்.

"பக்கத்து வீடு புள்ள. கேற் பூட்டிட்டுது. கொஞ்சம் வெளிய வாங்களன்."

"நான் லண்டன்ல இரிக்கன் அம்மா. அங்க ஒருத்தரும் இல்ல."

அந்த மணியிலேயே கமெரா இருக்கிறதாம். என் பெயர், என் வீட்டு நிறம் எல்லாம் விசாரித்தாள். பயந்திருப்பாள் போலும். பிறகு குரல் இளகியது. "தேத்தாத்தீவில இரிக்கிற தெரிஞ்ச பொடியன் ஒருத்தன்தான் வீட்டப் பாக்கிற. ஏணியோட வரச்சொல்றன். அவன் வருமட்டும் நான் கதைச்சிட்டு இரிக்கன், பயப்படாதீங்க."

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அம்மா, கொஞ்சம் அங்கால விலகி நிக்கிறீங்களா? உங்களுக்குப் பின்னால கடல் தெரியுது."

நான் விலகி நின்றேன். அவள் அங்கிருந்து பார்த்தாள், நான் இங்கிருந்து பார்த்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஓய்வு பெற்றதும் புருசனோடு வந்து இங்கேயே இருந்துவிடத்தான் இந்த வீட்டைக் கட்டினார்களாம். "பெயின்ற் அடிச்சு முடியக்குள்ள அவர் போயிட்டார். மறுகா வர மனம் வரல்ல" என்றாள். நான் என்ன ஆறுதல் சொல்ல? எனக்கே ஆறவில்லையே.

"இந்த வளவில முந்தி ஆரம்மா இருந்த?"

உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். இத்தனை காலமாக அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஓர் ஆள் இருந்ததா? டொறீன் என்றேன். ஒருதரம் சொன்ன பிறகு நிற்க முடியவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு நீ வீதி முழுக்கக் கேக் கொடுத்தது, ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கலியாணச் சட்டை தைத்துவிட்டு உன் மகளின் சட்டையை விடியவிடியத் தைத்து முடித்தது, கோயிலில் பூசை நடுவில் சிரிப்பை அடக்க முடியாமல் என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடியது. அந்தப் பொடியன் வந்து, ஏணி வைத்து ஏறிக் குதித்து, என் படலையைத் திறந்துவிட்டான். நான் அப்போதும் மதிலோடு கதைத்துக்கொண்டு நின்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

நேற்றுப் பின்னேரம் நானாகவே போய் மணியை அமத்தினேன்.

"திரும்பவும் பூட்டிட்டா அம்மா?"

"இல்ல புள்ள. சும்மாதான்."

சிரித்தாள். ஆவணியில் இரண்டு கிழமைக்கு வருகிறாளாம். "புது வீட்டுக்குக் குடிபூரல் செய்யோணும். சொந்தம் எண்டு பெரிசா ஒருத்தரும் இல்ல. நீங்க வந்து பால் காச்சித் தருவீங்களா?" என்று கேட்டாள். ஓம் என்றுவிட்டு வந்து, இரவெல்லாம் யோசித்தேன். உன் குசினி இருந்த இடத்தில் இன்னொருத்தியின் அடுப்பில் நான் பால் காய்ச்சவா? அவளும் இரண்டு கிழமையில் திரும்பிவிடுவாள். பிறகு யார் இருக்கப்போகிறார்கள்? நீ என்றால் என்ன சொல்வாய்?

போவேன் டொறீன். பால் பொங்கியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்து, உன் வீட்டில் எது எங்கே இருந்தது என்று சொல்வேன். அவள் திரும்பிப் போகுமுன், அந்த வீட்டில் உன்னைத் தெரிந்த ஆள் ஒருத்தியாவது இருக்கும்படி செய்வேன்.

இன்னும் இங்கேயே இருக்கிற உன் அக்கா,
பரமேஸ்வரி