வழிமொழிய ஆளில்லை

786
17-11-98

ஆருயிர் மகன் உசாமாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வாப்பாவும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன் சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறேன். நார்வேயில் இப்போதே பனி விழுகிறதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே விடாத மழை, பாபநாசத்தில் அணையைத் திறந்துவிட்டதில் ஆறு செக்கச்செவேல் என்று ஓடுகிறது.

உன் கடிதத்தை வாப்பா சத்தமாக வாசித்தார்கள். அங்கே மூன்று வருஷம் குடியிருந்தால் வெளிநாட்டுக்காரனுக்கும் நகராட்சித் தேர்தலில் ஓட்டு உண்டு, வரும் வருஷம் எனக்கும் கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். கூட்டத்தை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், ஒரு மெம்பருக்குக் காய்ச்சல் என்றால் அதற்கென்றே வைத்திருக்கும் மாற்று ஆள் வந்து உட்காருவார், நாற்காலி காலியாகக் கிடக்காது என்றும் எழுதியிருந்தாய். சார்ஜாவில் உன் மச்சான் சொல்வது வேறு மாதிரி, அங்கே ஓட்டே கிடையாது, மேலே இருந்து நியமித்தவர்கள்தான், ஆனால் சாக்கடை பொங்கினால் ஒரு போன் போட்டதும் வண்டி வந்துவிடுமாம். இரண்டையும் கேட்க எனக்கு வயிறு எரிகிறது மகனே. ஓட்டும் வாங்கி மெம்பர் என்று பெயரும் வாங்கி நான் என்ன கிழித்தேன்.

நம் தெருக் குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே ஓடுவது உனக்குத் தெரியும். இந்த மழையில் அது உடைந்து தெருவில் பாதிப் பேருக்கு மஞ்சள் காமாலை. காய்ச்சிக் குடியுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன், அதற்கு மண்ணெண்ணெய் யாரிடம் இருக்கிறது. அடுத்த வீட்டு மைதீன் பாத்திமா மகள் ரைஹானத் பிள்ளைப்பேற்றுக்கு வந்த இடத்தில் அவளுக்கும் கண் மஞ்சளாகிவிட்டது. நம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது "மாமி, நீங்க நில்லுங்க, நா கூட வாரேன்" என்று என்னோடு ஓட்டுக் கேட்டு அலைந்தது அந்தப் பிள்ளைதான். குழாயை மாற்றும் பொருளை அஜெண்டாவில் ஏற்ற நான் நடந்த நடை கொஞ்சமல்ல. ஒருவழியாகப் போன மாசக் கூட்டத்தில் கடைசிப் பொருளாக வந்தது. அதற்குள் மெட்ராஸில் எங்கள் கட்சித் தலைவரை யாரோ என்னவோ பேசிவிட்டார்கள் என்று எங்கள் மெம்பர்கள் எல்லாரும் கோஷம் போட்டு எழுந்துவிட்டார்கள். மெட்ராஸுக்கும் நம் தெருக் குழாய்க்கும் என்ன சம்பந்தம். எங்கள் மெம்பர்களுக்கெல்லாம் மூத்தவர் சிவசைலம் அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து, "கட்சியே வெளிய போவுது, நீங்க மட்டும் இங்கன உக்காந்திருக்கியளே" என்றார். என் பொருள் வரட்டும் அண்ணாச்சி, முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். முறைத்துவிட்டுப் போனார். வாசலில் பத்திரிகைக்காரர் படம் எடுக்கிற வரைக்கும் கத்திவிட்டு எல்லாரும் டீக்கடைக்குப் போய்விட்டார்களாம்.

நான் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் போதும் என்று நினைத்தேன், அதுதான் என் மடத்தனம். எழுந்து வாசித்தேன். சேர்மன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வழிமொழியுறது யாரு?" என்றார். ஒருவர் முன்மொழிந்ததை இன்னொருவர் வழிமொழிய வேண்டும், இல்லாவிட்டால் அது நிற்காது. என்னைச் சுற்றி வெறும் நாற்காலிகள். எதிர்ப்பக்கம் பிச்சைக்கண்ணு இருந்தார், அடுத்த தெரு மெம்பர், அவர் வீட்டுக்கும் அதே குழாய்தான். நான் அவரைப் பார்த்தேன், அவர் ஃபேனைப் பார்த்தார். பொருள் தள்ளிவைக்கப்பட்டது, டீ வந்தது. மறுநாள் அவரே வீட்டுக்கு வந்து, "ஒங்க பொருளுக்கு நா எந்திரிச்சா எங்க கட்சியில என்னைய வச்சிருப்பாவளாக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போனார். என் கட்சியோ கட்டுப்பாட்டை மீறினேன் என்று என்னை நீக்கிவிட்டது. இப்போது நான் எந்தப் பக்கமும் இல்லை.

ரைஹானத் எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தாய். வெள்ளிக்கிழமை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் மௌத்தாகிவிட்டாள், வயிற்றுப் பிள்ளையும் போயிற்று. எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படி ஏறினேன் என்று எனக்கே தெரியவில்லை. மைதீன் பாத்திமா என்னை ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். நான் அழுவதைப் பார்த்து அவளே எழுந்து போய், "அழாதிய லாத்தா, இதைக் குடிங்க" என்று குழாய்த் தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்து தந்தாள். வாங்கிக் குடித்தேன்.

ராஜினாமா செய்துவிடு என்கிறார்கள் வாப்பா. செய்தால் அந்த நாற்காலியும் காலி, செய்யாமல் இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை, மகனே, எனக்கு எல்லாம் வெறுத்துவிட்டது. உனக்கு அங்கே ஓட்டு வந்தால் சோம்பல்படாமல் போய்ப் போடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல அண்டை அயலையும் தரட்டும். வேளைக்குச் சாப்பிடு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. அங்கே குழாயில் பிடித்து அப்படியே குடிக்கலாம் என்று நீ எழுதியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் காய்ச்சிக் குடி.

இப்படிக்கு,
உன் உம்மா
மஹ்மூதா பீவி