பூட்டிய பிறகு வந்த புகை

இன்று காலை எதிர்மனையில் யாரோ பழைய சாக்குகளைக் கொளுத்தினார்கள். வாடை அடுப்படிவரை வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் இத்தனை வருஷமாகியும், அந்த வாடைக்குப் புகை ஏறிய உங்கள் சட்டைதான் நினைவில் வருகிறது.

நமக்குக் கல்யாணமான புதிது, ஐம்பதுகளின் கடைசி. குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில். பாலக்கரையில் ஒரு கடலைக் கிடங்கின் சாவி உங்கள் பொறுப்பில் இருந்தது. அன்று சாயங்காலம் கிடங்கைப் பூட்டிவிட்டு முக்குக் கடையில் டீ குடிக்கும்போதுதான் கூரையில் புகையைப் பார்த்திருக்கிறீர்கள். ஓடிப்போய்த் திறந்து, இடது கை வெந்தும் விடாமல் மூட்டைகளை இழுத்துப் போட்டீர்கள். பாதிக்கு மேல் எரிந்துபோயிற்று.

மேனேஜர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. எடுத்துச் சொல்லக் குமாஸ்தாவும் அந்நேரம் இல்லை. நடந்ததை இங்கிலீஷில் எழுதித் தரச்சொல்லி அங்கேயே உட்கார வைத்துவிட்டார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் நீங்கள். எப்படியோ எழுதிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். கைக்கு மருந்து தடவும்போது கொஞ்சம் பெருமையாகவே எனக்குச் சொல்லிக் காட்டினீர்கள்: “ஸ்மோக் வாஸ் கமிங் வென் ஐ லாக்ட் த டோர்.”

எஸ்.எஸ்.எல்.சி. படித்திருந்த எனக்குப் பகீரென்றது. “என்னங்க, பூட்டும்போதே புகை வந்துக்கிட்டு இருந்துச்சுன்னு ஆயிடுச்சே!”

“இல்லம்மா, பூட்டிட்டுப் போன பிறகுதானே வந்துச்சு?”

“அதுக்கு ‘ஆஃப்டர் ஐ ஹேட் லாக்ட்’னு வரணுங்க. பூட்டினது முன்னாடி, புகை பின்னாடி.”

விடிந்ததும், நான் சொல்லச் சொல்ல மறுபடி எழுதி எடுத்துக்கொண்டு போனீர்கள். மத்தியானமே திரும்பிவிட்டீர்கள். மேனேஜர் கேட்டதைக் குமாஸ்தா தமிழில் சொன்னாராம். என் முகத்தைப் பார்க்காமல் அதைச் சொன்னீர்கள்: “நேத்து ஒண்ணு எழுதுறே, இன்னிக்கு ஒண்ணு எழுதுறே, இதுல எது பொய்யின்னு கேக்குறார்.”

வேலை போயிற்று. வாழைக்காய் மண்டியில் சேர்ந்தீர்கள். நம் பெண் இங்கிலீஷ் பாடத்தோடு வந்தால், “அம்மாகிட்ட கேளும்மா” என்று எழுந்து வாசலுக்குப் போய்விடுவீர்கள். ஒரே ஒரு முறை, என்ன நினைத்தீர்களோ, “நீ திருத்தினதுதான் சரி” என்றீர்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. சரியாக எழுதியதுதானே உங்களைப் பொய்யனாக்கியது?

ஊரில் பழைய ஆட்கள் அந்தத் தீயைப் பற்றி இன்னமும் எப்போதாவது பேசுவார்கள். “அவர் பூட்டிட்டு வந்த பிறகுதாங்க புகை வந்துச்சு” என்பேன். உடனே புரிந்துகொண்டு தலையாட்டுவார்கள். என்ன நடந்தது என்று அன்றைக்கு உங்களிடம் யாரும் தமிழில் கேட்கவில்லை.