சந்திரனுக்குப் போனவர்களின் முகம்

1954 ஜூலை 18

பேத்தி கல்யாணசுந்தரி இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பு. மூத்த பேரனுக்கு பம்பாய் ரயில்வேயில் வேலை நிரந்தரமாகிவிட்டது. இளையவன் முத்துக்குமாரசாமி வரைகிற சந்திர மண்டலப் படக்கதை மதராஸ் வாரப் பத்திரிகையில் இந்த வாரமும் வந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான்; என் வீட்டில் இத்தனை! தெரு முழுக்கக் காட்டியாயிற்று.

அவன் ராக்கெட்டுக்கு பூவார் கடலில் ஓடும் மீன்பிடி வள்ளத்தின் வயிறு. ஆட்களும் ஊர்க்காரர்களே. கதாநாயகன் எதிர்வீட்டு ராபின்சன். இன்று அவனைப் பலா மரத்தடியில் நிறுத்தி, என் சோற்றுப் பானையைத் தலையில் கவிழ்த்து வரைந்தான்.

“எலே, கரி கண்ணுல விழுதுலே!”

“சந்திரனுக்குப் போறவன் இதுக்கா அழுவான்? அனங்காம நில்லு.”

இடது புருவத்து வெட்டுத் தழும்பைக்கூட விடவில்லை. “மூஞ்சி நெசமா இருந்தாத்தான் ஆச்சி, இல்லாத கப்பலையும் நம்புவாங்க” என்கிறான்.

ஆகஸ்ட் 10

நாளை ஊர்வலம். எங்கள் தமிழ்த் தாலுகாக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்து மதராசோடு சேர்க்க வேண்டும் என்று. ராபின்சன் கொடி பிடிக்கப் போகிறான். முத்துவை விடமாட்டேன் என்று என் மகன் நமச்சிவாயம் ஒற்றைக்காலில் நிற்கிறான். கோர்ட்டு கிளார்க்கு அல்லவா, சர்க்கார் சோறு.

ஆகஸ்ட் 12

புதுக்கடையில் ஊர்வலத்தின் மேல் போலீஸ் துப்பாக்கி வெடி வைத்ததாம். செத்தவர் கணக்கு ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். ராபின்சன் வீடு வந்து சேரவில்லை.

ஆகஸ்ட் 17

உயிரோடு இருக்கிறான். ஆனால் பிடித்துவிட்டார்கள். காஞ்சிரங்குளத்தில் அத்தை வீட்டில் ஒளிந்திருந்தானாம். போலீசுக்கு அவனைத் தெரியாது. ஆனால் அவர்கள் கையில் முத்துவின் படக்கதை இருந்ததாம். புருவத்தை ஒப்பிட்டுப் பார்த்துப் பிடித்தார்களாம். யாரோ சொல்லியிருக்கிறார்கள். முத்து ஊர் முகங்களை வரைகிறான் என்று தெருவில் யாருக்குத்தான் தெரியாது?

ராபின்சனின் அம்மா தங்கபாய் முற்றத்தில் நின்று கத்தினாள்: “எம்பிள்ளைய நாங்க ஒரு போட்டோகூட எடுத்ததில்ல ஆச்சி. போலீசுக்கு உங்க பேரன்லா வரஞ்சு குடுத்திருக்கான்!”

முத்து உள்ளேயே இருந்தான்.

ஆகஸ்ட் 18

இங்கேயும் வந்தார்கள். கதையில் வருகிற மற்ற முகங்கள் யார் யார் என்று கேட்டார்கள்.

“எல்லாம் மனசுலேருந்து வரஞ்சதாக்கும், ஏமானே” என்று போலீஸ்காரரைக் கும்பிட்டுச் சொன்னான் முத்து.

கன்னத்தில் ஒன்று விட்டார்கள். அதற்குப் பிறகும் அதையேதான் சொன்னான். சுவரில் இருந்த அவன் போட்டோவைச் சட்டத்தோடு எடுத்துக்கொண்டு, நாளை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிப் போனார்கள். இருப்பதே அந்த ஒன்றுதான்.

நாளைக்கு என்ன ஆவும்? எம்பிள்ளைய அடிச்சே கொன்னுபோடுவானுவளே —

ஆகஸ்ட் 19

முதல் பஸ்ஸில் அனுப்பிவிட்டோம். மதராசுக்கு. மைக்குப்பியைத் துணிக்குள் சுற்றி வைத்தேன்.

அக்டோபர் 3

பத்திரிகை வந்தது. கதை நிற்கவில்லை. ஆனால் எல்லார் தலையிலும் கவசம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கண்ணாடி. தங்கபாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகன் முகத்தைத் தாள் தாளாகத் தேடினாள். மடக்கித் திருப்பித் தந்தாள்.

1955 ஜனவரி 22

ராபின்சனை விட்டுவிட்டார்கள். ஒரு காது கேட்கவில்லை.

மே 8

முத்துவின் முகமில்லாத மனிதர்கள் புதுப் பாணி என்று பத்திரிகையில் ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ச்சி. அடுத்த கதைக்கும் அப்படியே கேட்டிருக்கிறார்களாம். பாணியாம்! பயமாக்கும் அது.

சந்தோஷப்படத்தான் வேண்டும். அன்றைய கன்னத்து வீக்கம் எப்போது வற்றியது என்றுகூட இதுவரை எழுதவில்லை.

1956 நவம்பர் 2

நேற்று ராஜ்யங்களைப் பிரித்தாயிற்று. விளவங்கோடு தமிழ்ப் பக்கம், பாறசாலையோடு எங்கள் ஊர் மலையாளப் பக்கம். களியக்காவிளை தாண்டினால் வேறு ராஜ்யம். கேட்டது எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மத்தியானம் ராபின்சன் வந்தான். கேட்கிற காதை என் பக்கம் திருப்பி உட்கார்ந்தான்.

“முத்துவுக்கு எழுதுங்க ஆச்சி. எனக்கு அவன் மேல கோவம் ஒண்ணும் இல்ல. ரெண்டு வருஷமா சந்திரன்ல எவனோ ஒருத்தன் நடக்கான். நான்தான்னு தெரியாண்டாமா? என் புருவத்தப் போடச் சொல்லுங்க.”

“மறுபடி புடிச்சிட்டுப் போனா?”

“இன்னொரு காது இருக்குல்லா” என்று சிரித்தான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். அடியில் என் பங்குக்கு:

மக்கா, சுவரில் ஆணி வெறுதே நிற்கிறது. புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. தலையில் ஒன்றும் வைக்காமல், முகம் தெரிகிற மாதிரி.