வட்டத்தில் சொல்லாத மருந்து

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே நிர்வாகக் குழுத் தலைவரோடு போனில் சண்டை. நாற்பது படுக்கையை அறுபதாக்க வேண்டுமாம். இருபத்தொரு வருடமாக இந்தப் போதை மீட்பு மையத்தை நடத்துகிறவள் நான். ஒருநாள்கூட வந்து ஒரு வாந்தியைத் துடைக்காத மனுஷன் எனக்குப் பாடம் எடுக்கிறார். "மிச்ச இருபது பேரை மாடிப்படியில படுக்கப் போடுவோமா?" என்றேன். வைத்துவிட்டார். வைக்கட்டும்.

நடுவில் டிரைவர் ஏதோ சீட்டோடு வாசலில் வந்து நின்றார். லீவாகத்தான் இருக்கும். அப்புறம் வாங்க என்று கையைக் காட்டினேன். இருமிக்கொண்டே போனார்.

மார்ச் 6, வியாழன்

தலைவர் மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை.

மார்ச் 8, சனி

சனிக்கிழமை எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை. நோயாளி, சமையல்காரர், நான் உட்பட. அதற்கு முன்னால் ஹாலில் வட்டமாக உட்காருவோம். எதையாவது தொட்டிருந்தால் அங்கேயே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். சொன்னவர் தங்கலாம். சொல்லாமல் பரிசோதனையில் மாட்டினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சட்டம் போட்டவள் நான்.

இன்று டிரைவரின் பரிசோதனைப் பட்டையில் கோடு விழவில்லை. விழவில்லை என்றால் உடம்பில் போதைச் சரக்கு இருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இங்கேயே நோயாளியாக வந்து, தேறி, இங்கேயே வேலைக்கு நின்றவர். புதிதாக வருகிறவர்களை வீட்டிலிருந்து ஏற்றிவருவது அவர்தான். "அண்ணனே நிமிந்துட்டாரு, நமக்கென்ன" என்று அவரைக் காட்டித்தான் வார்டில் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்வார்கள்.

"இருமல் மருந்துதான்க்கா. வெளி டாக்டர் எழுதிக் குடுத்தது. செவ்வாக்கிழமை சீட்டக் காட்டத்தான் உங்க ரூமுக்கு வந்தேன்."

இருமல் மருந்து! இந்தக் கதையை எத்தனை வாயால் கேட்டிருக்கிறேன்.

"அப்ப வட்டத்துல ஏன் சொல்லல?"

"காய்ச்சலுக்கு மாத்திர போட்டா சொல்றமாக்கா? அது மாதிரின்னு நெனச்சேன்."

எல்லோர் முன்னாலும் வண்டிச் சாவியை வாங்கினேன். அவர் கத்தவில்லை. பொய் பிடிபட்டால் அடங்கிப்போவார்கள், எனக்குத் தெரியாதா?

சின்ன டாக்டர் பின்னாலேயே வந்தார். இங்கே சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "வெளி லேபுக்கு ஒரு தடவை அனுப்பிப் பாத்துடலாம் மேடம்."

"ஆளுக்கு ஒரு சட்டமா? போய் வேலையப் பாருங்க."

மார்ச் 9, ஞாயிறு

ஒன்பது வருஷம். என் பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தியில் நின்றவன். என்னையே ஏமாத்திட்டானே. நன்றி கெட்ட ஜென்மம்.

மார்ச் 11, செவ்வாய்

டிரைவரின் மனைவி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சாப்பிடல, பேசல. செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. நம்புறேன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா எந்திரிச்சிடுவாரு."

"புருஷனுக்கு ஒத்து ஊதாதே. அதுதான் அவங்களக் கெடுக்கறது." இதே வசனத்தை ஆயிரம் மனைவிகளிடம் சொல்லியிருக்கிறேன்.

அவள் முகம் மாறியது. "ஒம்பது வருஷமா அவர் வாய மோந்து பாக்காமத் தூங்குனேன். நேத்து மோந்து பாத்தேன். எல்லாம் நீங்க பண்ண வேல."

வெளிக்கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். திமிர்.

மார்ச் 14, வெள்ளி

சின்ன டாக்டர் ஒரு தாளை என் மேசையில் வைத்தார். லேப் முடிவு. டிரைவரின் சனிக்கிழமைச் சிறுநீரை என்னைக் கேட்காமலே வெளி லேபுக்கு அனுப்பியிருக்கிறார். இருமல் மருந்தில் இருக்கும் கோடீன் மட்டும்தான், அதுவும் கொஞ்சம். வேறு ஒன்றுமில்லை.

"யாரைக் கேட்டு அனுப்பினீங்க?"

"யாரையும் கேக்கல. கேட்டா விட்டிருக்க மாட்டீங்க."

கொழுப்பு. அப்போதும் நான் இறங்கவில்லை. இருமல் மருந்தைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தவர்களுக்கும் வைத்தியம் பார்த்தவள்தானே நான். மருந்து நிஜமாகவே இருக்கட்டும், சீட்டோடு வந்தேன் என்று டிரைவர் சொன்னது பொய்தானே? அன்றைக்கு யார் யார் வந்தார்கள், நான்தான் எல்லாவற்றையும் எழுதுகிறேனே. அந்த ஆளை மடக்கத்தான் இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன்.

மார்ச் 4. என் கையெழுத்து. சீட்டு. இருமல்.

அடிப்பாவி. எழுதியே வச்சிருக்கியேடி.

மார்ச் 15, சனி

வட்டத்தில் சொன்னேன். டிரைவர் பொய் சொல்லவில்லை, சீட்டைப் பார்க்காமல் விரட்டியது நான், லேபுக்கு அனுப்ப மறுத்ததும் நான். நேற்றுதான் சேர்ந்த ஒருவன் கேட்டான்: "மாட்டுனப்புறம்தானே சொல்றீங்க. அப்ப நீங்க பெட்டி கட்ட வேணாமா மேடம்?"

எல்லோரையும் பரிசோதனைக்கு அனுப்பினேன்.

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு டிரைவர் வீட்டுக்குப் போனேன். மனைவி ஜன்னலைப் பாதி திறந்தாள். "வியாழக்கிழமை போனவர்தான். இன்னும் வரல. இப்ப எதுக்கு வந்தீங்க?"

மார்ச் 16, ஞாயிறு

எட்டு மதுக்கடை வாசல் பார்த்தாயிற்று. சின்ன டாக்டர் வண்டி ஓட்டினார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. திட்டித் தொலைக்கக் கூடாதா இந்த ஆள்?

மார்ச் 19, புதன்

மனைவி கைத்தாங்கலாக அழைத்துவந்தாள். சட்டையில் பொத்தான் இல்லை, கை நடுக்கம். படுக்கை கேட்டார். சேர்க்கைப் படிவம் எழுதுவது நர்ஸ் வேலை. நான் வாங்கிக்கொண்டேன்.

"கடைசியா எப்ப குடிச்சீங்க?"

"இன்னிக்குக் காலைல."

"எத்தன நாளா?"

"ஏழு நாளா."

"அதுக்கு முன்னாடி?"

"ஒம்பது வருஷம் நாலு மாசம். தொடல."

அடுத்த வரி: மீண்டும் தொடங்கக் காரணம். அங்கே என் பெயரை எழுதினேன். என்னை மன்னிச்சிடுங்க என்றேன். படிவத்தை அவர் பக்கம் திருப்பினேன்.

நிதானமாகப் படித்தார். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அந்தப் பெயரை அடித்தார். கை ஆடியதில் கோடு மேலும் கீழுமாகப் போனது.

"கடைக்கு நான்தான் நடந்து போனேன். அது என்னோடது மேடம். நீங்க பண்ணதுக்கு வேற தாள் எடுங்க."

பன்னிரண்டாம் படுக்கை கொடுத்தேன். மனைவி பையைத் தூக்கிக்கொண்டு அவரோடு மாடியேறினாள்.