பூஜ்யம் என்று எழுதிய நாற்பத்து மூன்று பேர்

ஜூலை 8, செவ்வாய்

நாட்டின் எரிவாயுவைப் பங்கிடும் எங்கள் அலுவலகத்தில் குளிர்காலத்துக்கான திட்டம் இன்று தொடங்கியது. ப்ராகில் முப்பத்து மூன்று டிகிரி வெயில்; விசிறிக் காற்றில் தாள்கள் பறக்க, நாங்கள் பிப்ரவரிப் பனியைப் பற்றிப் பேசுகிறோம். இருபத்தோரு வருடமாக இதே கூத்து.

நிலத்தடிச் சேமிப்பு இப்போது அறுபத்தொரு சதவீதம். நவம்பருக்குள் தொண்ணூறு ஆக வேண்டும்.

மாலையில் தட்டுப்பாட்டுப் பட்டியலைத் திறந்தேன். வாயு போதாவிட்டால் வீடுகளையும் ஆஸ்பத்திரிகளையும் காப்பாற்ற ஆலைகளை நிறுத்துவோம். நிறுத்தினாலும் உலை பாழாகாமல் இருக்க எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆலையும் எழுதித் தர வேண்டும். நாற்பத்து நான்கு ஆலைகள் பூஜ்யம் என்று எழுதியிருக்கின்றன. அதில் ஒன்று என் தம்பி ஓத்மாருடையது. கண்ணாடி உலை வைத்திருப்பவன் பூஜ்யம் என்று எழுதுவானா?

ஜூலை 9

தம்பிக்குப் போன் செய்தேன்.

"எல்லா வருஷமும் பூஜ்யம்தான்க்கா போடறோம். நம்பர் போட்டா, உலையைச் சோதிக்கணும்னு ஆள் வந்து நிப்பான். வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கணுமா?"

"நாங்க நிறுத்தினா துளி வாயு வராதுடா. உள்ள இருக்கற கண்ணாடி கல்லாயிடும். அப்புறம் உலையை உடைச்சுத்தான் எடுக்கணும்."

"கடைசித் தேதி எப்ப?"

"செப்டம்பர் முப்பது."

அவன் ஊரிலேயே இன்னொரு கண்ணாடி ஆலை, ஸ்தெனா ஹெய்துகோவாவுடையது. அதுவும் பூஜ்யம்தான். மற்ற நாற்பத்து மூன்று பேருக்கும் ஒரு கடிதம் போட வேண்டும்.

ஜூலை 21

மேலாளர் ஷிமாண்டலிடம் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "எழுதினது அவங்க பொறுப்பு. நீங்க கடிதம் போடறதா இருந்தா போடுங்க, நான் தடுக்கல. சேமிப்புக் கணக்கு மட்டும் வெள்ளிக்கிழமை என் மேசையில இருக்கணும்." சரி, கணக்கு முதலில்.

ஆகஸ்ட் 29

வடகடலில் குழாய்ப் பராமரிப்பு இரண்டு வாரம் நீள்கிறதாம். போட்ட கணக்கெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. தலைக்கு மேல் வேலை. கடிதம் அடுத்த வாரம்.

செப்டம்பர் 26

தம்பியின் புதிய படிவம் வந்துவிட்டது. சோதிக்க வந்தவர் இரண்டு சாஸேஜ் சாப்பிட்டுவிட்டுப் போனாராம். நிம்மதி.

அக்டோபர் 1

பட்டியல் பூட்டப்பட்டுவிட்டது. இனி அடுத்த வருடம்தான். கடிதம் போகவில்லை. யார் தடுத்தார்கள்? யாரும் தடுக்கவில்லை.

சேமிப்பு எண்பத்தெட்டு. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆலைகளை நிறுத்தும் நிலை வந்ததே இல்லை. வராது.

ஜனவரி 12

விலை ஏறியதும் வியாபாரிகள் சேமிப்பிலிருந்து எடுத்து விற்கிறார்கள். இப்போது நாற்பத்தொன்று. எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஐந்தாவது நாளாக மைனஸ் பத்தொன்பது. சேமிப்பும் பத்தொன்பது. வாயு இல்லாமலில்லை, அழுத்தம் இல்லை. தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கிய தொட்டியில் குழாயைத் திறந்த மாதிரி, மெதுவாகத்தான் வருகிறது.

காலை பத்து மணிக்கு ஆலைகளை நிறுத்த உத்தரவு. ஒவ்வோர் ஆலைக்கும் வாய்வார்த்தையாகவும் சொல்ல வேண்டும் என்பது விதி. பட்டியலைப் பிரித்துக்கொண்டோம். ஹெய்துகோவா என் பங்கில் வந்தார்.

"எவ்வளவு விட்டுவைப்பீங்க?"

"நீங்க பூஜ்யம்னு எழுதியிருக்கீங்கம்மா."

"அது சும்மா எழுதறது. எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க?"

"இப்ப மாத்த முடியாது."

"உள்ள இருபது டன் உருகிக் கிடக்கு." பிறகு, "எத்தனை மணிக்கு?"

"பன்னிரண்டு."

வைத்துவிட்டார். நான் அடுத்த எண்ணை அழுத்தினேன். வேறென்ன செய்ய — இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள்.

பிப்ரவரி 20

குளிர் விட்டது. எல்லோருக்கும் திறந்துவிட்டோம். எந்த வீடும் குளிரவில்லை என்று ஷிமாண்டல் எங்களைப் பாராட்டினார். தம்பியின் உலை பிழைத்தது. ஹெய்துகோவாவின் உலை பிளந்துவிட்டது. அறுபத்திரண்டு பேருக்கு வேலை போச்சு.

மார்ச் 15, ஞாயிறு

தம்பி வீட்டில் மதியச் சாப்பாடு. வாத்துக்கறியும் முட்டைக்கோஸும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஹெய்துகோவா வந்தார். தன் ஆட்களில் பத்துப் பேரையாவது தம்பி எடுத்துக்கொள்வானா என்று கேட்க வந்திருக்கிறார். தம்பி மனைவி அவருக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

"உனக்கு மட்டும் எப்படிப்பா படிவத்தை மாத்தணும்னு தோணிச்சு?" என்று கேட்டார்.

தம்பி தட்டையே பார்த்தான். அவனைப் பொய் சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"நான்தான் சொன்னேன். ஜூலையில."

"ஜூலையிலயா?" ஆகஸ்ட், செப்டம்பர் என்று விரல்விட்டு எண்ணினார். "எனக்கும் சொல்லணும்னு தோணலையா?"

"தோணிச்சு. வேலை இருந்தது."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கையைத் துடைத்துக்கொண்டு தம்பி பக்கம் திரும்பி, எட்டுப் பேர் என்றாலும் பரவாயில்லை என்றார்.